ஏழு ஏ நம்பர் கட்டில்

என் மேசை மேல் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் 'ஆபரேஷன்ஸ் மேனேஜர்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு பதவி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பெரிய டாக்டர் இங்கிலாந்தில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலையும் பார்த்துவிட்டு வந்து, தன் அப்பா ஆரம்பித்த ஆஸ்பத்திரியை எடுத்து நடத்தியவர். கட்டில், மெத்தை, சமையல்கட்டு, சலவை, ஜெனரேட்டர், கக்கூஸ் அடைப்பு, வாட்ச்மேன் லீவு இத்தனையும் சேர்ந்தால் அந்த ஊரில் அதற்குப் பெயர் ஆபரேஷன்ஸாம். நம் ஊரில் ஆபரேஷன் என்றால் கத்திதான் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

அதனால் என் அறைக்கு வருகிறவர்கள் எல்லாம் சட்டையைத் தூக்கிக்கொண்டே வந்தார்கள்.

"அண்ணே, நீங்கதான ஆபரேஷன் பண்றவரு?"

"இல்லைங்க, நான் மேனேஜர்."

"அதான் போர்டுலயே போட்டுருக்கே, ஆபரேஷனுக்கு மேனேஜர்னு. அப்ப பெரிய டாக்டரு உங்களுக்குக் கீழதான?"

உட்கார வைத்து விளக்கிச் சொன்னால், எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அவனியாபுரத்திலிருந்து என் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். என் மனைவியை உள்ளே போகச் சொன்னார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மூணு வருசமா வெளிய சொல்ல முடியாத எடத்துல வலிடா. நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்று வேட்டியைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். நான் பாய்ந்துபோய்த் தடுத்த வேகத்தில் டம்ளர் உருண்டு அவர் காலில் விழுந்தது. பெரிய டாக்டரானதும் சொந்தபந்தத்துக்குப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்று அவர் அவனியாபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு நான் இரண்டு வருஷம் போகவில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவது வேலை. கையெழுத்து மட்டும் அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் என்னை எடுத்தார் என்று நினைக்கிறேன். அவருடைய கையெழுத்தை மருந்துக் கடைக்காரரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. ஆலை வேலையை விட வேண்டாம் என்று என் மாமனார் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. ஆறு மாசம் புரொபேஷன், அதன் பிறகு நிரந்தரம் என்று பேச்சு. அந்த நம்பிக்கையில் திருநகரில் இரண்டு அறையும் ஒரு கிணறும் உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். மனைவி அப்போது இரண்டு மாசக் கர்ப்பம். வேலை நிலைக்காமல் போனால் மாமனார் வீட்டு முற்றத்தில் போய் நிற்க வேண்டும். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், வெறுமனே பார்ப்பார்.

நிரந்தரத்துக்குக் குறுக்கே நின்றது ஒரு கட்டில்.

ஆண்கள் வார்டில் பதினாறு கட்டில்கள். எட்டாம் நம்பர் கட்டிலில் ஒருத்தரும் படுக்க மாட்டார்கள். எட்டு சனிக்கு உரிய நம்பர், அதில் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். காய்ச்சலில் அனத்துகிறவன்கூட நம்பர் பலகையைப் பார்த்ததும் தெளிந்து, "வேற கட்டில் இல்லையா?" என்பான். மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையில் பேசுகிற ஒரு கட்சிக்காரர் விரல் நசுங்கி வந்து சேர்ந்தார். இவர்தான் சரியான ஆள் என்று எட்டைக் காட்டினேன். "எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். வீட்டு அம்மா அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், இன்னும் உள்ளேயே வரவில்லை.

அதற்கு நேர்மாறு ஏழாம் நம்பர். அது ஜன்னல் ஓரம். காற்று வரும், வேப்பமரம் தெரியும். வேறு இடத்தில் கைவிட்ட ஒரு ஆள் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து பஸ் ஏறி எழுமலைக்குப் போனார். அவ்வளவுதான், ராசியான கட்டில் என்று பெயர் பரவிவிட்டது. எழுமலையிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வருகிறவர்கள் நோயைச் சொல்வதற்கு முன்னால் "ஏழு காலியா இருக்கா?" என்று கேட்டார்கள். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவர்களும் உண்டு.

பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில் தினமும் எட்டின் முன்னால் வந்து நிற்பார். விரித்த விரிப்பு கலையாமல் கிடக்கும். கட்டிலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"மிஸ்டர், இது என்ன மியூசியமா? இந்தக் கட்டில் நிரம்பினாத்தான் நீங்க நிரந்தரம்."

எதுகை மோனையோடு சொல்லிவிட்டதில் அவருக்கே ஒரு சந்தோஷம். மறுநாளிலிருந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

யோசனை எனக்குத் திருநகர் பஸ் ஸ்டாப்பில் பிறந்தது. டவுன் பஸ்களில் சில நம்பருக்குப் பக்கத்தில் ஒரு 'ஏ' போட்டிருக்கும். அதுவும் அந்த வழியாகத்தான் போகும், கொஞ்சம் சுற்றிப் போகும், அதில் ஏறுவதற்கு யாரும் தயங்கமாட்டார்கள். அன்றைக்கே பெயிண்டரை வரவழைத்து எட்டை அழித்து '7 ஏ' என்று எழுதச் சொன்னேன். மறுநாள் ஏழு கேட்டு வந்தவரிடம், "ஏழுல ஆள் இருக்கு. ஏழு ஏ தரவா?" என்றேன்.

"ஏழுக்குத் தம்பியா? சரி, குடுங்க" என்று ஏறிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டில் ஒரு நாளும் காலியாக இல்லை. பெரிய டாக்டர் ஒரே வார்த்தையில் "குட்" என்றார். நான் எப்படிச் சாதித்தேன் என்று அவர் கேட்கவில்லை. பலகையை அவர் பார்க்கவும் இல்லை. ரவுண்ட்ஸில் அவர் பார்ப்பது வயிறுகளை மட்டும்தான். முகமே அவருக்கு நினைவிருக்காது. கடைத்தெருவில் ஒருவர் கும்பிட்டால், சட்டையை விலக்கிக் காட்டினால்தான் யாரென்று தெரியும் என்பார் அவர் மனைவி.

நம்பர் மாறியதைப் பற்றி நான் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். நர்சுகள், மருந்துக் கடை, சமையல்கட்டு, சலவை என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம் மட்டும் வாங்கவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் பட்டியலில் அவர் பெயரே வரவில்லை. படிக்கத் தெரியாதவரிடம் வாயால் சொல்லலாமே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய டாக்டரின் அப்பா காலத்திலிருந்தே அங்கே வேலை. என்னை "சார்" என்பார், நான் "அண்ணே" என்பேன். ஸ்ட்ரெச்சரில் ஒருவரைப் படுக்க வைத்துத் தள்ளும்போது பஸ் கண்டக்டர் மாதிரி வழி சொல்லிக்கொண்டே போவார். "இப்ப எடது பக்கம் திரும்புறோம். வாசப்படி வருது, ஒரு ஆட்டு ஆட்டும், பயப்படாதீக." அவர் தள்ளும்போது குலுக்கிப் போட்டது என்று எந்த நோயாளியும் புகார் சொன்னது கிடையாது. அவரை எனக்குப் பிடிக்கும்.

புரொபேஷன் முடிய நான்கு நாள் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை. ஏழு ஏ கட்டிலில் திருநகர் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர். பலகை மாறிய பிறகு அந்தக் கட்டிலிலிருந்து தியேட்டருக்குப் போக இருந்த முதல் ஆள் அவர்தான். பணி ஓய்வு பெற்றவர். அவருக்குக் குடலிறக்கம். ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்று நல்ல நேரம் பார்த்து அவரே குறித்துக் கொடுத்து, குளித்து, திருநீறு பூசி, வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருந்தார்.

பக்கத்தில் ஏழாம் நம்பரில் எழுமலை விவசாயி. அவருக்கு வயிற்றுப் புண், மருந்து மட்டும்தான், ஆபரேஷன் கிடையாது. துணைக்கு வந்திருந்தது அவருடைய மைத்துனர். நல்ல ஆகிருதி, பெரிய மீசை, ஒரு நோய்நொடி கிடையாது. விவசாயிக்கு ஸ்பிரிங் கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊஞ்ச மாதிரி ஆடுது, தலைய சுத்துது" என்று கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துச் சுருண்டுவிட்டார். ராசியான கட்டில் சும்மா கிடக்கிறதே என்று மைத்துனர் மேலே ஏறிப் படுத்துக்கொண்டார். நோயாளி தரையிலும் துணைக்கு வந்தவர் கட்டிலிலும் படுப்பது எங்கள் வார்டில் புதிது அல்ல. நர்சுகள் திட்டுவார்கள், இறங்குவார்கள், நர்ஸ் தலை மறைந்ததும் ஏறுவார்கள்.

வார்டு மேசையில் இருந்த உள்தொலைபேசி மணி அடித்தது. நர்ஸ் ஊசி போடப் போயிருந்ததால் நான் எடுத்தேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பேசினார்கள்: ஏழு ஏ பேஷண்டை அனுப்பவும். நான் வராந்தாவைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"அண்ணே, தியேட்டருக்கு ஏழு ஏ!"

"ஏழேவா சார்?"

"ஆமாண்ணே, ஏழு ஏ."

"ஏழேதான?"

"ஏழு ஏதான், சீக்கிரம்!"

இப்படி மூன்று முறை சரிபார்த்துக்கொண்டோம். நான் சமையல்கட்டில் பால் திரிந்த விவகாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிறகு நடந்ததை ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கோத்துத் தெரிந்துகொண்டேன். ஸ்ட்ரெச்சர் ஏழாம் கட்டிலுக்குப் போனது. மைத்துனர் எழுந்து உட்கார்ந்து, "என்ன, ரத்தம் எடுக்கவா?" என்று கேட்டார். தன் மச்சானுக்கு ரத்தம் தேவைப்படும், சொந்தக்காரரிடம்தான் கேட்பார்கள் என்று ஊரிலேயே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். "அதெல்லாம் உள்ள சொல்லுவாக. படுங்க" என்றார் ஸ்ட்ரெச்சர்காரர். "நான் நடந்தே வாரேனே." "நடக்கக் கூடாது, சட்டம்." மைத்துனர் மார்பை நிமிர்த்திப் படுத்துக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே குனிந்து, "மச்சான், எம்புட்டு வேணுமோ எடுத்துக்கட்டும், நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். விவசாயி தூக்கக் கலக்கத்தில் "சரி மாப்ள" என்றார்.

தியேட்டருக்குப் பக்கத்து அறையில் சவரம் செய்கிறவர் கத்தியோடு தயாராக இருந்தார். அடிவயிற்றுக்குக் கீழே சோப்பு நுரை போட்டதும்தான் மைத்துனருக்கு முதல் சந்தேகம் வந்தது.

"ரத்தம் கையிலதான எடுப்பாக?"

"மத்த ஆஸ்பத்திரியில கையில. இங்க எல்லாமே இங்கிலீஷ் முறை" என்றார் சவரக்காரர். அவரைப் பொறுத்தவரை பெரிய டாக்டர் என்ன செய்தாலும் அது இங்கிலீஷ் முறை.

மைத்துனர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் கிடத்தி, முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டினார்கள். பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த வழக்கத்தைக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் எந்தத் தேசத்தில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"இருமுங்க."

மைத்துனர் இருமினார். குடலிறக்கம் உள்ளவர் இருமினால் அந்த இடத்தில் புடைக்க வேண்டும். புடைக்கவில்லை.

"பலமா."

தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஸ்டார்ட் ஆவதுபோல இருமினார். ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். தான் மூன்று முறை பார்த்துப் பழகிய வயிறு பழுப்பு நிறம், தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு மச்சம். இது கருங்காலி மாதிரி இறுகிக் கிடக்கிறது.

"இது யார் வயிறு?" என்று அவர் போட்ட சத்தம் எனக்குச் சமையல்கட்டில் கேட்டது.

துணிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "என் வயிறுதான் டாக்டரு. ரத்தம் எடுக்க இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்?"

நான் ஓடிப்போனபோது மைத்துனர் மேசையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஊரைக் கூட்டுவார், போலீசுக்குப் போவார் என்று பயந்தேன். அவர் நிதானமாக விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டுக் காட்டினார். "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. இந்தக் கடவாய்ப் பல்லையும் பாத்துருங்களேன்."

பெரிய டாக்டர் பல்லைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் ஒரு நல்ல மனுஷன் வயிற்றைக் கிழித்திருப்பேன் என்று சொன்னார். அது உண்மை. அதற்குப் பிறகு எத்தனையோ முறை இந்தக் கதையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"யார் கொண்டாந்தது?"

ஸ்ட்ரெச்சர்காரர் முன்னால் வந்து நின்றார். "ஏழேன்னு சொன்னாங்க சார், ஏழத்தான் கொண்டாந்தேன்" என்றார். யார் சொன்னது என்று பெரிய டாக்டர் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர்காரரும் என் பக்கம் திரும்பவில்லை. "மேனேஜர், இவரை டிஸ்மிஸ் பண்ணி மெமோ எழுதுங்க. சாயங்காலம் என் மேசைக்கு வரணும். உங்க நிரந்தர ஆர்டரும் டைப் ஆகி வந்திருக்கு. ரெண்டிலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

எனக்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை. ஸ்ட்ரெச்சர்காரருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். தமிழாசிரியரைச் சமாதானப்படுத்தப் போனேன். அவர் கோபத்தில் இருந்தார். நல்ல நேரம் போய்விட்டது, காலையில் காபிகூட இல்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்; மைத்துனரை ரத்தம் எடுக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று அப்போது நம்பிவிட்டாராம்.

"இங்க உக்காருங்க" என்று என்னை வகுப்பில் உட்கார வைப்பதுபோல் ஸ்டூலில் உட்கார வைத்தார். "ஏழு கூட ஏ சேந்தா என்ன ஆகும்?"

"ஏழு ஏ."

"தப்பு. வர்றது உயிரெழுத்து. அதுக்கு முன்னாடி நிக்கிற உகரம் கெடும். ஏழே. பதினாறு கட்டில் இருக்கு, அதுல ஏழை மட்டும் பிரிச்சுக் காட்டுறதால அது பிரிநிலை ஏகாரம். 'ஏழேதான?'ன்னு கேட்டாரே, அங்க தேற்றேகாரம். சந்தேகமே இல்ல, ஏழுதான்னு அர்த்தம். அவரு பள்ளிக்கூடம் போகாதவரு, ஆனா இலக்கணப்படி நடந்துக்கிட்டாரு. இங்கிலீஷ் ஏ-யக் கொண்டாந்து தமிழ் நம்பர்ல ஒட்டவச்சது யாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு மதிப்பெண் குறைச்சாச்சு" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆக, தப்பு என்னுடையது. சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் என்னுடையது. நான் நம்பரை மாற்றினேன், அவரிடம் சொல்லவில்லை, நானே வாயால் ஏழே என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். இதெல்லாம் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அறைக்குப் போய் மெமோவை எழுதினேன். நிரந்தர ஆர்டர் மேசைக்கு வந்துவிட்டது, வீட்டில் பிள்ளை வரப்போகிறது, இன்னும் நாலே நாள், வேறு எங்காவது அவருக்கு வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். அதைவிட வெட்கம், எழுதத் தொடங்கியதும் கை தானாகவே ரசித்து எழுத ஆரம்பித்துவிட்டது. 'ஸ்ட்ரெச்சர் பணியாளராகிய நீர்' என்று தொடங்கி, 'நோயாளி அல்லாத ஒருவரை அறுவை அரங்கிற்குள் செலுத்தி' என்று வளர்ந்து, 'இன்றுடன் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்' என்று முடியும். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வாட்ச்மேன் மூலமாக ஸ்ட்ரெச்சர்காரர் வீட்டுக்கு அனுப்பினேன். என் ஆர்டரில் கையெழுத்துப் போட அன்றைக்குப் பெரிய டாக்டருக்கு நேரம் இல்லை, நாளைக்கு என்றார்.

மறுநாள் மத்தியானம் என் அறை வாசலில் நிழல் தெரிந்தது. ஸ்ட்ரெச்சர்காரர். சலவைச் சட்டை போட்டிருந்தார். பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சார், இத வாசிச்சுக் காட்டுங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரியணும்ல."

"வேற யாராவது..."

"இங்க எழுத்துன்னா நீங்கதான சார்."

வாங்கிப் பிரித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்ட்ரெச்சர் பணியாளராகிய..." என்று தொடங்கி, 'நீர்' என்ற சொல்லில் முட்டி நின்றேன். அவரை நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. காகிதத்தில் கைக்கு வந்த அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. "நீங்கள்" என்று வாசித்தேன். நீங்கள் என்று வாசித்துவிட்ட பிறகு, அடுத்து எழுதியிருந்த எதுவும் அதோடு பொருந்தவில்லை. நான் காகிதத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததை வாசிக்க ஆரம்பித்தேன்.

"நீங்கள் நேற்று ஏழாம் கட்டிலில் இருந்தவரை அழைத்துச் சென்றதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆபரேஷன்ஸ் மேனேஜர் கட்டில் நம்பரை மாற்றிவிட்டு அதை உங்களிடம் சொல்லத் தவறியதால் ஏற்பட்ட குழப்பம் இது. அதற்காக அவர் வருந்துகிறார். நாளை முதல் வழக்கம்போல் வேலைக்கு வரவும்."

அவர் கட்டியிருந்த கையை எடுத்தார்.

"வரவும்னா போட்டுருக்கு?"

"ஆமாண்ணே."

"பெரிய டாக்டரு கையெழுத்து இருக்கா?"

"இருக்கு." அது ஒன்றுதான் உண்மை.

"அப்பச் சரி. நாளைக்கு வாரேன் சார்." காகிதத்தை என் கையிலிருந்து பக்குவமாக வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்தியதும்தான் நான் செய்திருப்பது என்ன என்று உறைத்தது. ஒரு மனுஷன் நாளைக்குக் காலையில் வேலைக்கு வந்து நிற்பான், பெரிய டாக்டர் வாட்ச்மேனை விட்டுத் துரத்துவார். நான் வாசித்ததை நானே உண்மையாக்கினால்தான் உண்டு. சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். சினிமாவில் வருவதுபோல வீரமாக எல்லாம் போகவில்லை. வழியில் ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஏழு ஏ, ஏழே. வித்தியாசம் நல்லாத்தானே தெரியுது?" என்றார். இங்கிலாந்து நாக்கில் அது தெரியத்தான் செய்தது.

"நீங்களே வார்டுக்கு போன் பண்ணி ஏழு ஏ சார்ட்டைக் கேட்டுப் பாருங்க சார்."

அவர் போனை எடுத்து ஒரே மூச்சில் சொன்னார். "சிஸ்டர், ஏழு ஏ சார்ட் கொண்டு வாங்க." அந்த நர்ஸ் என் சுற்றறிக்கையில் முதல் கையெழுத்துப் போட்டவர். இரண்டு நிமிஷத்தில் சார்ட்டோடு வந்தார். பெரிய டாக்டர் பிரித்தார். எழுமலை விவசாயியின் வயிற்றுப் புண்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இது யார் வயிறு" என்று தானே ஒரு முறை சொல்லிப் பார்த்து மறுபடி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் நிரந்தர ஆர்டரை எடுத்து என் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார்.

"அவர் வேலைக்கு வரட்டும். உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் புரொபேஷன். இன்னைக்கே அந்தக் கட்டில் போர்டை மாத்துங்க."

மாற்றினேன். ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று எழுதி, கடைசிக் கட்டிலுக்குப் பதினேழு என்று நம்பர் கொடுத்தேன். பதினேழின் ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு வரும். அதை ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு சுலபமான வழி முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று என் மனைவி கேட்டாள். ஆறு மாசம் தள்ளிப்போனதையும் சொன்னேன். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றாள்.

மறுநாள் காலையில் நான் சீக்கிரமே போனேன். ஸ்ட்ரெச்சர்காரர் எனக்கு முன்னால் வந்து, வராந்தாவில் வண்டியைச் சாய்த்து வைத்துச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் காகிதத்தக் குடுங்க. ஃபைல்ல வைக்கணும்" என்றேன். பொய்தான். கிழித்துப் போட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

"அது வீட்டுல இருக்கு சார். என் மக புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கு."

"மகளா?"

"ஒம்பதாவது படிக்குது. மெமோ வந்த அன்னைக்கே வாசிச்சுக் காட்டிருச்சு. எனக்கு வெளங்கலன்னு ரெண்டாந் தடவயும் வாசிச்சுச்சு."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. கீழே உட்கார்ந்திருந்த அவரை நின்றபடி பார்த்துப் பேச முடியாமல் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"பின்ன எதுக்குண்ணே எங்கிட்டக் கொண்டாந்தீங்க?"

அவர் விரலில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். "பதினெட்டு வருசம் பாத்த எடம் சார். போகச் சொல்றதா இருந்தா, எழுதுனவரு என் மூஞ்சியப் பாத்து ஒருக்காச் சொல்லட்டும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான்."

மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"நீங்க வாசிச்சத வீட்டுல போய்ச் சொன்னேன். அப்பா, இதுல அப்படி ஒண்ணுமே எழுதலையேன்னு அது பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. நான்தான் சொன்னேன், எங்க சாரு எழுதுறதவிட நல்லா வாசிப்பாருன்னு."